பழைய டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும் டைமிங் செயின் மாற்றுவதும்: திருகோணமலையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

விடிய நாலு மணிக்கு வண்டி எடுக்கிறவன் நான். குச்சவெளிப் பக்கம் போய் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் தெருவே அமைதியாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்தில் இருந்து கறகறவென்று ஒரு சத்தம். நாலைந்து வினாடிதான், அப்புறம் நின்றுவிடும். நின்றுவிடுகிறதே என்று எட்டு மாதம் ஓட்டினேன்.

பிஸ்டன் ஏறி இறங்குவதையும் வால்வு திறந்து மூடுவதையும் நேரம் தப்பாமல் பிடித்து வைக்கிறது டைமிங் செயின். அந்தச் சத்தம் அது லூசாகி உறையில் அடிக்கிற சத்தம். என்னுடையது நிசான் வைடி25 எஞ்சின் பூட்டிய டபுள் கெப், இரண்டாம் கையாக வாங்கியது. பிழையை எஞ்சின் மேல் போட மாட்டேன். முந்தைய சொந்தக்காரர் ஓயில் மாற்றிய இலட்சணம், ஓயில் தங்கும் சம்பைக் கழற்றியபோது அடியில் தார் போலப் படிந்திருந்தது. மூன்று வாரம், மூன்றரை இலட்சம் ரூபா என்று தொடங்கிய வேலை ஏழு வாரத்திலும் 560,000 ரூபாவிலும் முடிந்தது. கூடிப்போனதில் ஒரு பகுதி என் அவசரத்தால் வந்தது. எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் தப்பியிருப்பேன். அந்த ஒழுங்கில்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் எஞ்சினில் இருப்பது செயின்தானா?

சிரிக்காதீர்கள், இது தெரியாமலே செயின் செட் விலை விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இருப்பது டைமிங் பெல்ட். மிட்சுபிஷி கண்டரின் 4டி33, இசுசு எல்ஃபின் 4எச்எஃப்1 போன்ற லொறி எஞ்சின்களில் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பற்சில்லோடு பற்சில்லு கடித்து ஓடும். செயின் இருப்பது இசுசு டி-மெக்ஸின் 4ஜேஜே1, நிசான் வைடி25 போன்றவற்றில்.

வைடி25 எஞ்சினில் இரண்டு செயின். கீழ்ச் செயின், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்கில் இருந்து டீசல் பம்புக்குப் போகும். மேல் செயின் பம்பில் இருந்து, வால்வுகளைத் திறக்கிற காம் ஷாஃப்டுகளுக்குப் போகும். இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்கள் ஓயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஓயில் வடிந்துவிடும். டென்ஷனருக்கு மறுபடி ஓயில் வந்து சேர்கிற அந்த நாலைந்து வினாடிதான் நான் கேட்ட கறகற. புதுச் செயினில் இந்தச் சத்தம் வராது. பெரும்பாலும் செயின் தேய்ந்து நீண்டிருந்தால் வரும்.

2. ஒரு நட்டையும் தொடும் முன் சோதியுங்கள்

செயினை மட்டும் மாற்றுவதா, எஞ்சினை முழுதாகப் பிரிப்பதா என்பது பெரிய பண வித்தியாசம். அதைக் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். நாலு சோதனை போதும்.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது): ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் டீசல் கேஜ் பூட்டிப் பார்ப்பது. பெற்றோல் எஞ்சினுக்கு வைத்திருக்கும் கேஜ் தாங்காது. என் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் 400 பிஎஸ்ஐக்கு அருகே நின்றன, மூன்றாம் இலக்கச் சிலிண்டர் மட்டும் 290. அதற்குள் ஒரு கரண்டி ஓயில் விட்டுத் திரும்ப அடித்தபோது ஏறியது. ஓயில் விட்டு ஏறினால் பிஸ்டனைச் சுற்றிய ரிங், சிலிண்டரின் உட்சுவரான போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் உடலான புளொக்குக்கும் மேலே பூட்டும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) பக்கம் பாருங்கள்.

ஓயில் மூடி: எஞ்சின் ஓடும்போது திறந்து வையுங்கள். புகையிரதம் போலக் குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கைத் தாண்டி வாயு சம்புக்குள் இறங்குகிறது.

ஓயில் ஃபில்டர்: கழற்றி வெட்டி, உள்தாளை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளி மினுக்கம் பிஸ்டன் பக்கத்தால் வரலாம். செம்பு நிறத் துகள் என்றால் கிராங் சுழலும் இடத்துப் பெயரிங் கரைகிறது. ஓயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஸ்கேனர்: பி0016 என்ற கோட் வந்தால் கிராங்கும் காமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன என்று பொருள். சென்சரை மாற்றி அந்த எச்சரிக்கையை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நாலு சிலிண்டரும் சமமாக, புகை தள்ளாமல் இருந்தால் செயின் செட்டோடு நிறுத்தலாம். என் வண்டியில் செம்புத் துகளும் இருந்ததால் முழுதாகப் பிரித்தேன்.

3. இதே எஞ்சினா, வேறு எஞ்சினா? காகிதத்தையும் பாருங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் எஞ்சின் எடுத்து அப்படியே பூட்டிவிடலாம் என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள். நாள் மிச்சம், உண்மை. ஆனால் அந்த எஞ்சினின் செயின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று உங்களுக்கு யாரும் எழுதித் தரப் போவதில்லை. இரண்டாவது, எஞ்சின் இலக்கம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் புளொக்கில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். புளொக் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவில் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் நாட்டுக்குள் வந்த சுங்க ஆவணமும் வாங்கிய பற்றுச்சீட்டும் தேவைப்படும். சுங்க ஆவணத்தின் பிரதி தராத கடையில் எஞ்சின் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். வண்டி லீசிங்கில் இருந்தால் அந்த நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். திருத்தாமல் ஓட்டலாம்தான். வண்டியை விற்கப் போகிற அன்றோ, விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரர் புளொக்கைத் துடைத்துப் பார்க்கிற அன்றோ மாட்டுவீர்கள்.

அதே புளொக்கைத் திருத்தினால் இந்த அலைச்சல் ஒன்றும் இல்லை. நான் இதைத்தான் தேர்ந்தேன். எப்படியானாலும் வேலை தொடங்கும் முன் புளொக்கின் இலக்கத்தைத் துடைத்துத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். சில லேத்துகளில் (கடைசல் பட்டறைகளில்) ஒரே மாதிரிப் புளொக் நாலு கிடக்கும்.

4. கராஜிலும் லேத்திலும் பேச வேண்டியது

இரண்டும் வேறு வேறு ஆட்கள். கராஜ் பிரித்துப் பூட்டும். லேத் போர் அடிக்கும் (தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் குடையும்), கிராங் கடையும், ஹெட் முகம் சீவும். கராஜ்காரரே லேத்துக்குக் கொடுத்து வாங்கித் தருவார், அது வசதி. ஆனால் அளவு விபரம் உங்கள் கைக்கு வராது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அலைச்சல்தான், பலன் உண்டு.

எழுத்தில் வாங்க வேண்டியவை: கூலி எவ்வளவு, அதற்குள் என்னென்ன அடக்கம் (எஞ்சினை இறக்கி ஏற்றுவது தனிக் கணக்காக வரும், கேளுங்கள்), சாமான் யார் வாங்குவது, கழற்றிய பழைய சாமான் முழுவதும் திருப்பித் தர வேண்டும் என்பது. முற்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மிச்சத்தில் பாதி எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு, கடைசிப் பங்கு முதல் ஓயில் மாற்றிய பிறகு. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வாய்ச் சொல்லில் 350,000 ரூபாவுக்கு ஒப்புக்கொண்டவன் நான். பிறகு வந்த ஒவ்வொரு கணக்கும் “அது வேற தம்பி” என்றே தொடங்கியது.

5. பிரிக்கும்போது

எஞ்சினை இறக்கும் முன் வெளியே நன்றாகக் கழுவுங்கள். ஒவ்வொரு வயர் சொக்கட்டையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம். நட்டு போல்ட்டுகளைப் பகுதி பகுதியாகச் சொப்பின் பைகளில் போட்டு, மார்க்கரால் எழுதிக் கட்டுங்கள். முன் உறையின் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டையானதின் துளையில் போட்டு முறுக்கினால் புளொக்கில் வெடிப்பு விழும். ஒரு அட்டையில் உறையின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தோம். கராஜில் வேலை பழகும் பையனின் யோசனை அது.

மாறக் கூடாதவை: மெயின் பெயரிங் மூடிகள், கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடிகள், வால்வு லிஃப்டர்கள், இன்ஜெக்டர்கள். எந்த இடத்தில் இருந்து வந்ததோ அந்த இடத்துக்கே போக வேண்டும். மூடிகளில் திசையும் முக்கியம்.

கிராங் புலியின் (கிராங்கின் முன்முனையில் பெல்ட் ஓடும் சில்லின்) போல்ட் அசையாது. பாரில் தடி கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி இளக்குகிற வித்தையைச் சிலர் காட்டுவார்கள். செய்ய விடாதீர்கள். புலியைப் பிடித்து நிறுத்துகிற கருவி இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு இரும்புப் பட்டியில் இரண்டு துளை போட்டு வெல்டிங் கடையில் செய்துகொள்ளலாம். ஹீட்டர் பிளக்குகளுக்கு முதல் நாளே ஊடுருவும் ஓயில் அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டால் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும், அதை எடுக்கிற கூலி தனி.

செயினைக் கழற்றியதும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செயினைப் பக்கவாட்டாக, தட்டையாக ஒரு முனையில் பிடியுங்கள். புதுச் செயின் ஓரளவு நீட்டி நிற்கும். என்னுடையது முருங்கைக்காய் வாடித் தொங்குவது போல வளைந்து இறங்கியது. செயின் இழுபட்டது என்கிறோமே, உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன, அந்தத் தேய்வெல்லாம் சேர்ந்துதான் நீளம்.

6. அளவு முதலில், சாமான் இரண்டாவது, போர் கடைசியாக

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். என் பணம் போனது இங்கேதான்.

லேத்தில் புளொக்கைக் கொடுத்ததும் முதலில் அளக்க மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தரம். நாலு சிலிண்டருக்கு 24 எண்கள். அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வைடி25 எஞ்சினின் போர் 89 மி.மீ., ஸ்ட்ரோக் 100 மி.மீ., மொத்தம் 2488 சிசி. 89க்கு மேலே எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு முட்டை வடிவமாகியிருக்கிறது என்பது அந்த 24 எண்களில் தெரியும். கிராங்கின் மெயின், கொன்ரொட் கழுத்துகளுக்கும் அப்படியே.

அளந்ததில் எனக்கு 0.25 மி.மீ. கூட்டிப் போர் அடித்தால் போதும் என்று வந்தது. லேத்தில் இருந்தவர் கிண்ணியாக்காரர், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். “தம்பி, பிஸ்டன் கையில இல்லாம போர் அடிக்கச் சொல்லாதீங்க. பிஸ்டனக் கொண்டாங்க, நான் அளந்து அதுக்குப் போர் அடிக்கிறன்” என்றார். நான் கேட்கவில்லை. பிஸ்டன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் வேலை முடியட்டுமே என்று வற்புறுத்தினேன். அடித்துக் கொடுத்தார். பார்சல் வந்தது, பிரித்தால் 0.50. கொழும்பில் விசாரித்தேன், 0.25 எங்கேயும் இல்லை. திரும்பவும் புளொக்கை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பவும் கூலி கொடுத்து, 0.50க்கு அடித்தேன். நானா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

ஆகவே ஒழுங்கு இதுதான்: அளக்க வேண்டும், கடையில் எந்த அளவுப் பிஸ்டன் இருக்கிறது என்று கேட்க வேண்டும், வாங்க வேண்டும், லேத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரில் அளந்து, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று மேலே இலக்கம் எழுதிவிட்டுப் போர் அடிப்பார். பெயரிங்கும் அப்படித்தான். கிராங்கை 0.25 குறைத்துக் கடைந்தால் 0.25 பெயரிங் வேண்டும், அது கிடைக்கிறதா என்று முதலே பாருங்கள்.

ஹெட்டில் இரண்டு சோதனை. நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்ப்பது ஒன்று, தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்று ஏற்றி வெடிப்புத் தேடுவது மற்றது. இரண்டாவதைக் கேட்காவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். வெடித்த ஹெட்டில் புது வால்வு சீட் போட்டுப் பணம் கொட்ட வேண்டாம்.

ஹெட் கஸ்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். இந்த மாதிரி டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கஸ்கெட் பல தடிப்புகளில் வரும், ஓரத்தில் இருக்கும் துளை அல்லது வெட்டு அடையாளத்தால் பிரித்தறியலாம். புளொக்கின் முகம் சீவி, பிஸ்டன் பூட்டிய பிறகு, பிஸ்டன் மேலே வரும்போது புளொக்கின் முகத்தைத் தாண்டி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டயல் கேஜில் அளந்துதான் தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும். பழைய கஸ்கெட்டில் இருந்த அடையாளத்தைப் பார்த்து வாங்கினால், முகம் சீவிய எஞ்சினில் பிஸ்டன் வால்வை முட்டலாம்.

7. கழுவுவது, உடனே ஓயில் பூசுவது

திருகோணமலைக்காரர்களுக்கு இது தனிப் பகுதி. போர் அடித்து ஹோன் பண்ணிய (கல்லால் தேய்த்துச் சீராக்கிய) சிலிண்டர் சுவரில் கல்லின் பொடி இருக்கும். பெற்றோலும் டீசலும் அதை உள்ளே தள்ளுமே தவிர எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும்தான். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், சாம்பல் நிறம் தெரிந்தால் திரும்பக் கழுவுங்கள். ஓயில் வழிகளின் அடைப்பு போல்ட்டுகளையும் கழற்றி நீளமான தூரிகை விட்டுக் கழுவுங்கள்.

துடைத்த அதே நிமிடம் ஓயில் பூசுங்கள். நான் மாலை ஆறு மணிக்குக் கழுவிவிட்டு, காலையில் பூட்டத்தானே போகிறோம் என்று ஒரு படங்கை மட்டும் மூடிவிட்டு வந்தேன். கராஜ் உட்துறைமுகப் பக்கம், இரவெல்லாம் கடல் காற்று. காலையில் படங்கை விலக்கினால் நாலு சிலிண்டரிலும் தேயிலைத் தூள் தூவியது போல மண்நிறப் புள்ளிகள். விரலால் தொட்டால் ஒட்டியது. திரும்ப லேசாக ஹோன், திரும்பக் கழுவல், ஒரு நாள் போயிற்று. ஓயில் பூசி, பெரிய பொலித்தீன் உறைக்குள் போட்டு வாயைக் கட்டி வையுங்கள். கிராங்குக்கும் இதே விதி.

ஓயில் கூலரை மறக்காதீர்கள். பெயரிங் கரைந்த எஞ்சினில் அந்தத் துகள் கூலரின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், புதுப் பெயரிங்கில் முதல் நாளே வந்து சேரும். நன்றாகக் கழுவ முடியாவிட்டால் மாற்றுங்கள்.

8. அடிப்பாகம்

இதை மெக்கானிக் செய்வார், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்று இடத்தில் மட்டும் வாய் திறந்தால் போதும்.

பெயரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் நாடா வைத்துப் பார்த்தாரா? மூடியை முறுக்கிக் கழற்றி, நசுங்கிய நாடாவின் அகலத்தை அட்டையோடு ஒப்பிடுகிற வேலை, அரை மணி நேரம். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து வாய் இடைவெளி பார்த்தாரா? பூட்டும்போது ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் சுற்றிவர விலகி நிற்கின்றனவா?

எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லாத கராஜ் என்றால் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். ஹெட் போல்ட் புதிது போடுங்கள். முறுக்கும் அளவும் அதன் பிறகு திருப்பும் பாகையும் உங்கள் எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். நினைவில் இருந்து சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம், நான் எழுதினாலும்.

9. டைமிங் செயின்

முதலில் வாங்குவது. செயினை மட்டும் வாங்காதீர்கள். இரண்டு செயின், பற்சில்லுகள், செயின் உரசி ஓடும் கைட்டுகள், இரண்டு டென்ஷனர், முன் கிராங் சீல் எல்லாம் ஒரே செட்டாக வேண்டும். தேய்ந்த பற்சில்லில் புதுச் செயின் போட்டால் செயினும் சீக்கிரம் தேயும். ஒற்றை வரிசைச் செயினுக்குப் பதிலாக இரட்டை வரிசை போடும் செட்டுகளும் விற்கிறார்கள். நல்லது, நானும் அதுதான் போட்டேன். ஆனால் செயின், பற்சில்லு, கைட் மூன்றும் ஒரே கடையில் ஒரே செட்டாக இருக்க வேண்டும். பாதி பழையது பாதி புதியது என்று கலக்கவே முடியாது. வாங்கும் முன் பெட்டியில் உள்ளதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள்.

பூட்டுவது இப்படி. முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிராங், பம்ப், காம் மூன்றின் பற்சில்லிலும் புள்ளி அல்லது கோடு குத்தியிருக்கும். செயினில் சில கண்ணிகள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். நிறக் கண்ணி புள்ளிக்கு நேரே அமர வேண்டும். முதலில் கீழ்ச் செயின், அதன் கைட், டென்ஷனர். அப்புறம் மேல் செயின். ஒவ்வொரு புள்ளியையும் படம் எடுங்கள், டோர்ச் அடித்து, நேர் எதிரில் நின்று. சாய்ந்து எடுத்த படத்தில் ஒரு பல் தள்ளி நிற்பது தெரியாது.

டென்ஷனர் ஒரு சிறு ஊசியால் பூட்டிய நிலையில் வரும். பூட்டிய பிறகு அந்த ஊசியை இழுக்க வேண்டும். இழுத்ததும் டக் என்று தண்டு வெளியே வந்து கைட்டைத் தள்ளும், செயின் இறுகும். இழுக்க மறந்து முன் உறையை மூடினால் முதல் ஸ்டார்ட்டிலேயே செயின் பல் தாவும். இந்த எஞ்சினில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வில் முட்டும், செய்த வேலை அத்தனையும் குப்பை. எத்தனை டென்ஷனரோ அத்தனை ஊசியும் மேசையில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு உறையை மூடச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் இரண்டு ஊசிகளையும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவைத்தோம்.

பிறகு பெரிய ஸ்பானரால் கிராங்கை அதன் ஓடும் திசையில் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்கக் கூடாது. இரண்டு சுற்று முடிந்ததும் பற்சில்லுகளின் புள்ளிகள் பழைய இடத்துக்கு வர வேண்டும். நிறக் கண்ணிகள் வராது. பார்த்துப் பயந்து நாங்கள் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம்! செயினின் கண்ணி எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் வேறு, அதனால் நிறக் கண்ணி திரும்பப் புள்ளிக்கு வரப் பல சுற்றுகள் எடுக்கும். முதல் தடவை பொருத்துவதற்கு மட்டும்தான் அந்த நிறம்.

முன் உறைக்குச் சிலிக்கோன் மெல்லிய கோடாக, உடையாமல். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து சம்புக்குள் விழுந்து ஓயில் உறிஞ்சும் வலையில் ஒட்டும். ஓயில் குறைந்தால் முதலில் அழுவது டென்ஷனர்தான், திரும்பவும் கறகற.

10. முதல் ஸ்டார்ட்டும் முதல் 1,000 கிலோமீற்றரும்

ஓயில் விட்டு, இன்ஜெக்டர் சொக்கட்டுகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடியாக, இடையில் ஆற விட்டுச் சுற்றுங்கள். ஓயில் விளக்கு அணைந்த பிறகு சொக்கட்டைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜெக்டர் புதிது போட்டிருந்தால் அதன் மேல் உள்ள இலக்கத்தைக் கணினியில் பதிய வேண்டிய எஞ்சின்களும் உண்டு, ஸ்கேனர்காரரை அன்றைக்கே கூப்பிட்டு வையுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் கிணறுகளின் சுண்ணாம்பு புது எஞ்சினுக்குள் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் விட்டுக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓட விடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. புது ரிங்குக்கு அது கெடுதல். கொஞ்சம் சுமை இருந்தால்தான் ரிங் சுவரோடு பதியும். கசிவு பார்த்து முடிந்ததும் ரோட்டுக்கு எடுங்கள். நான் நிலாவெளி, குச்சவெளி ரோட்டில் ஓட்டினேன். சமதரை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி. ஹபரணைப் பக்கம் முழுச் சுமையோடு போவதை 1,000 கிலோமீற்றர் முடியும் வரை தள்ளி வையுங்கள். 500 கிலோமீற்றரில் முதல் ஓயிலும் ஃபில்டரும் மாற்றினேன், அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மினுக்கம் இருந்தது, அது வழமை. செம்பு நிறம் இல்லை. 1,000இல் இன்னொரு தரம் மாற்றினேன். இப்போது ஒவ்வொரு 5,000க்கும் மாற்றுகிறேன், கையேடு அதற்கு மேல் ஓட விட்டாலும் நம் புழுதிக்கும் சுமைக்கும் அதுதான் சரி.

11. பணமும் நாளும்

நான் செய்த மாதத்து விலையில் பெரிய தொகைகள்: வேலைக்கூலி 90,000. செயின் செட் 85,000. பிஸ்டன், ரிங் 78,000. இன்ஜெக்டர் நாலையும் சோதித்து இரண்டைத் திருத்தியது 74,000. லேத் 58,000, அதற்குள் இரண்டாம் தரம் அடித்த போரும் அடக்கம். கஸ்கெட், சீல், ஹெட் போல்ட் 46,000. இரண்டு தரம் ஓயில், ஃபில்டர், கூலண்ட் 45,000. பெயரிங் 32,000. ஓயில் பம்ப் 28,000. மிச்சம் 24,000 ஓட்டோ, பஸ் பார்சல், ரேடியேட்டர் கழுவியது. நீங்கள் வாசிக்கும்போது இந்த எண்கள் மாறியிருக்கும். ஆனால் எது பெரியது எது சின்னது என்கிற கணக்கு அவ்வளவாக மாறாது. இன்ஜெக்டர் செலவை யாரும் முதல் மதிப்பீட்டில் சொல்வதில்லை, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராததுக்கு ஒதுக்கி வையுங்கள்.

நாள் போவது வேலையில் அல்ல, காத்திருப்பதில். பிரிக்க இரண்டு நாள், பூட்ட ஐந்து நாள். மீதி எல்லாம் சாமான் வரக் காத்திருந்தது, லேத்தில் வரிசையில் கிடந்தது. கொழும்பில் இருந்து பஸ் பார்சலில் சாமான் எடுக்கும்போது, அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து அளவும் பாகத்தின் இலக்கமும் தெரிய வட்ஸ்அப்பில் படம் போடச் சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வரும் கிழமைகளில் வேலை தொடங்க வேண்டாம். கடை ஒரு பக்கம், லேத் மறுபக்கம் என்று மாறி மாறிப் பூட்டியிருக்கும்.

வண்டியால் பிழைப்பவராக இருந்தால் அந்த வாரங்களுக்கு வாடகை வண்டிச் செலவையும் கணக்கில் எடுங்கள். நான் எடுக்கவில்லை, மேலே உள்ள 560,000இல் அது இல்லை.

12. புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும்

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். லொறி என்றால் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். வேலை தொடங்கும் முன் அந்தத் திகதியைப் பாருங்கள். டீசல் வண்டியின் புகைப் பரிசோதனையில் எஞ்சினை நின்ற இடத்தில் உச்ச வேகம் வரை பல தரம் மிதிப்பார்கள். நேற்றுப் பூட்டிய எஞ்சினில் அதைச் செய்ய விடக் கூடாது. அதனால் திகதி நெருங்கியிருந்தால் 1,000 கிலோமீற்றர் ஓடி, இரண்டாம் ஓயில் மாற்றும் முடிந்த பிறகு பரிசோதனைக்குப் போகும்படி நாளை எண்ணித் தொடங்குங்கள். போகிற அன்று எயார் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிக்கொண்டு போங்கள். சான்றிதழ் கிடைத்ததும் அதையும் காப்புறுதியையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குக் காலையில் போனால் அன்றைக்கே முடியும். லேத்தின் அளவுத் தாள், பாகங்களின் பற்றுச்சீட்டுகள், செயின் புள்ளிப் படங்கள் மூன்றையும் பதிவுப் புத்தகத்தோடு ஒரே கோப்பில் போட்டு வீட்டில் வையுங்கள், வண்டியில் வேண்டாம்.